கைதட்டினால் தூக்கம் வருமா?

கொரோனாக் காலத்தில் வேலை செய்த நர்சுகளின் மனம் நொந்து போயிருக்கிறது என்று நிபுணர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். தூக்கம் பிடிப்பதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, காரணம் தெரியாமல் கண்ணீர் வருகிறது, வீட்டில் எது 'கீச்'சென்று கத்தினாலும் வார்டில் மானிட்டர் அலறுகிறது என்று திடுக்கிட்டு எழுகிறார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மருந்தும் சொல்லிவிட்டார்கள். மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டுமாம். தியானம் பழக வேண்டுமாம். மனதைத் திடப்படுத்திக் கொள்ள வகுப்பு நடத்துவார்களாம். அந்த வகுப்பு எப்போது? இரவு டூட்டி முடித்து வீடு திரும்ப வேண்டிய நேரத்தில்!

வைத்தியம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மனம் நொந்தவருக்கு வைத்தியம் வேண்டும். மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்று ஒரு தொலைபேசி சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்கு யாரும் பேசலாம், மில் தொழிலாளியும் பேசலாம், விவசாயத் தொழிலாளியும் பேசலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வைத்தியம் செய்வதற்கு முன்னால் நோய் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? நர்சின் தலைக்குள் இருக்கிறதா, அவர் பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கும் டூட்டிப் பட்டியலில் இருக்கிறதா?

இதற்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2019லேயே பதில் சொல்லியிருக்கிறது. ஆள் எரிந்து கருகிப் போன மாதிரி ஆகிவிடுகிற இந்த நிலைமைக்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். அந்த ஸ்தாபனம் அதை ஒரு வியாதி என்று வகைப்படுத்தவில்லை. வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலைமை என்றும், வேலை செய்யும் இடத்தில் ஓயாமல் தொடரும் அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றும்தான் எழுதி வைத்தது. கையாளாதது யார்? வேலை செய்யும் இடம் யார் கையில் இருக்கிறது? நர்சின் கையிலா?

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு சைடு பார்த்தவரை நாலு சைடு பார் என்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். முதலில் கால் வீங்கும். பிறகு எரிச்சல் வரும். வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார். அப்புறம் ஒருநாள் விரல் மெஷினுக்குள் போகும். மானேஜர் அதற்குக் 'கவனக் குறைவு' என்று பெயர் எழுதுவார். பத்து ஆள் நட வேண்டிய வயலில் ஆறு பேரை இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் முடி என்று வரப்பில் நின்று விரட்டுகிறவர், இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தவளைச் 'சோம்பேறி' என்பார். ஆஸ்பத்திரியில் அதே சங்கதிக்கு மரியாதையான பெயர் வைத்து 'மன அழுத்தம்' என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. அறுந்த நூலைப் பிணைத்துவிடலாம். மிச்ச நடவை நாளைக்கு முடிக்கலாம். நாலு கட்டிலில் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சுத் திணறும்போது, இருக்கிற ஒரு நர்சு எந்தக் கட்டிலுக்கு முதலில் ஓடுவது? கடைசியாக ஓடிப் போய்ச் சேர்ந்த கட்டில் அவர் கனவில் வருமா, வராதா?

கணக்கு இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கே இருக்கிறது. போதனா ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்சு. மற்ற பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்சு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலுக்கு ஒருவர். இது ஒவ்வொரு ஷிப்டுக்கும் உரிய கணக்கு. லீவில் போகிறவர்களுக்குப் பதிலாக நூற்றுக்கு முப்பது பேர் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் அதே கணக்குச் சொல்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் நம் வாசகர்களில் ஆயிரக்கணக்கானோர். அவர்களைக் கேட்கிறோம்: இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் வார்டில் எத்தனை கட்டில் இருந்தது, தரையில் எத்தனை பாய் விரித்திருந்தது, வெள்ளை உடையில் எத்தனை பேர் நின்றார்கள்? சாதாரண நாளில் கதி இது. இதன் தலையில்தான் 2020ல் கொரோனா வந்து இறங்கியது.

அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். சித்திரை வெயிலில் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் கவச உடை. காற்று நுழையாது. உள்ளே வியர்வை ஊற்றும். கண்ணாடியில் ஆவி படிந்து ஊசி போட நரம்பு தெரியாது. உடையைக் கழற்றினால் மறுபடி போட இன்னொன்று கிடைக்காது. ஆகையால் தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டிவரும். கைக்குழந்தைக்குக் கட்டுகிற டயபரைக் கட்டிக்கொண்டு நின்ற நர்சுகள் எத்தனை பேர்! மாதவிலக்கு நாட்களில் அந்த உடைக்குள் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் நின்ற பெண்களின் வேதனையை எந்த சர்க்குலரில் எழுதினார்கள்? 2020 ஜூனில் டில்லி எய்ம்ஸ் நர்சுகள் போராட்டத்தில் இறங்கியபோது முக்கியமாக அவர்கள் கேட்டது, கவச உடை போட்டுச் செய்யும் டூட்டியை நாலு மணி நேரமாக வைக்க வேண்டும் என்பதுதான். தலைநகரத்தில், தேசத்தின் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் தண்ணீர் குடிக்கவும் மூத்திரம் போகவும் போராட வேண்டியிருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளின் நிலையை நாம் வேறு வர்ணிக்க வேண்டுமா?

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது பயம். தனக்கு வரும் என்கிற பயத்தைக் கூட நர்சு விழுங்கிவிடுவார், பழகிய தொழில். தன்னால் வீட்டுக்குப் போகுமே என்கிற பயத்தை எப்படி விழுங்குவது? தொடக்கத்தில் கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்களைத் தனி இடத்தில் தங்கவைக்கும் ஏற்பாடு இருந்தது. 2020 மே 15ந் தேதி மத்திய சுகாதார இலாகா ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பாதுகாப்பு உடையுடன் வேலை பார்த்தவர்களுக்கு, அதிக ஆபத்தான தொடர்பு ஏற்பட்டாலொழிய, டூட்டிக்குப் பிறகு தனிமைப்படுத்தல் தேவையில்லை என்று அது சொன்னது. அதாவது, வார்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போ! வீடு என்றால் என்ன, மாடி பங்களாவா? ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வயதான மாமியார், பால்குடி மறக்காத பிள்ளை. வாசலிலேயே குளித்துவிட்டு, எட்டி நின்று பிள்ளையைப் பார்த்து அழுத தாய்க்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள்!

தெருவும் அப்போது அன்பாக இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்ன சொந்தக்காரர்கள் நாட்டின் பல நகரங்களில் இருந்தார்கள். சென்னையில் 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்க விடாமல் கல்லால் அடித்தது ஒரு கூட்டம். பயந்த ஜனங்களுக்கு உண்மையைச் சொல்லித் தைரியம் தரவேண்டியவர்கள் அதை நேரத்தில் செய்யவில்லை. கோபம் வெள்ளை உடை போட்டவர்கள் மேல் திரும்பியது. ஏப்ரல் 22ந் தேதி அவசரச் சட்டம் போட்டு, தாக்கினால் ஜெயில் என்றார்கள். நல்லது. ஆனால் சட்டம் போட்ட கையோடு நர்சுகளுக்கு ஒரு தங்கும் விடுதியும் ஒரு பஸ்ஸும் ஊர்தோறும் உறுதி செய்திருந்தால் இன்னும் நல்லது.

பிறகு 2021 வந்தது. இரண்டாவது அலை. சென்னை ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றதை நாடே பார்த்தது. ஏப்ரல் 21ந் தேதி நாசிக் நகர ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் டாங்கி கசிந்து, குழாயில் அழுத்தம் குறைந்து, அன்றைக்கே 22 பேர் மாண்டார்கள். மே 1ந் தேதி டில்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் தீர்ந்து 12 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் அங்கேயே வேலை பார்த்த டாக்டர். மே 4ந் தேதி இரவு செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆக்ஸிஜன் தட்டுப்பாடு காரணமல்ல என்றது நிர்வாகம்.

அந்த இரவுகளில் கட்டிலருகே நின்றது யார்? மந்திரியா? நிதி இலாகாச் செயலாளரா? குழாயில் காற்று நின்றதும் ரப்பர் பையைக் கையில் எடுத்து, அமுக்கி அமுக்கிக் காற்றை ஊட்டிக் கொண்டு, பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் நீலமாக மாறுவதைப் பார்த்துக் கொண்டு நின்றது நர்சு. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். செய்வதற்கு வேண்டிய பொருள் இல்லை, ஆள் இல்லை. மனதை முறிப்பதற்கு இதைவிடப் பெரிய கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜூலை 20ந் தேதி ராஜ்யசபையில் மத்திய சர்க்கார் எழுந்து, ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றது! பையை அமுக்கிக் கை மரத்துப் போன நர்சு இதைப் பேப்பரில் படித்தார். தன் கண்ணெதிரே நடந்தது நடக்கவே இல்லை என்கிறார்கள். சொந்தக் கண்ணையே சந்தேகிக்கும்படி ஒரு மனுஷியைச் செய்துவிட்டு, பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று ஆச்சரியப்படுகிறார்கள்!

இறந்த நர்சுகளின் கணக்காவது உண்டா? 2020 செப்டம்பரில் அதே ராஜ்யசபையில் கேட்டார்கள். சுகாதாரம் மாநில விஷயம், மத்தியில் அந்தப் புள்ளிவிவரம் வைத்துக் கொள்ளப்படவில்லை என்று பதில் வந்தது. 50 லட்ச ரூபாய் இன்ஷ்யூரன்ஸ் அறிவித்தது மத்திய சர்க்கார்தான். செத்தவர் எத்தனை பேர் என்று தெரியாதாம்! 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுவதும் 80,000 முதல் 1,80,000 சுகாதாரத் தொழிலாளர்கள் கொரோனாவுக்குப் பலியாகியிருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. எத்தனை இடத்தில் கணக்கு எழுதாமல் விட்டார்கள் என்பது இந்த இரண்டு எண்ணுக்கு நடுவே இருக்கிற இடைவெளியிலேயே தெரிகிறது.

கணக்கு எழுதவில்லை, ஆனால் கைதட்டினார்கள். 2020 மார்ச் 22ந் தேதி மாலை ஐந்து மணிக்குத் தட்டு, மணி, கை எல்லாம் ஒலித்தன. ஏப்ரல் 5ந் தேதி விளக்கேற்றினார்கள். மே 3ந் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மேல் பூமாரி பொழிந்தன. 'தேவதைகள்' என்றார்கள், 'தாய்' என்றார்கள். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருஷம் ஆனதால் அந்த 2020ம் வருஷமே நர்சுகளின் சர்வதேச வருஷமாகவும் அறிவிக்கப்பட்டிருந்தது. தேவதைக்குப் பசிக்காது, தாய்க்குச் சம்பளம் கிடையாது. அந்தப் பட்டங்களைச் சூட்டுவதில் இந்தச் சௌகரியம் இருக்கிறது.

நம் நாட்டில் மட்டும் நடந்த கூத்து அல்ல இது. இங்கிலாந்தில் 2020 வசந்த காலத்தில் வாராவாரம் வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கைதட்டினார்கள். பிரதம மந்திரியும் வாசலில் நின்று தட்டினார். மறுவருஷம் மார்ச்சில் நர்சுகளுக்கு நூற்றுக்கு ஒன்று சம்பள உயர்வு போதும் என்றது அதே சர்க்கார். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மூன்று என்றது. 1916ல் தோன்றிய அவர்களுடைய ராயல் நர்சிங் சங்கம், தன் சரித்திரத்தில் முதல் தடவையாக 2022 டிசம்பர் 15ந் தேதி தேசிய அளவில் வேலைநிறுத்தம் செய்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2015ல் பரீட்சை வைத்து, தேறிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்தார்கள். மாதம் ரூ. 7,700. 'தொகுப்பூதியம்' என்று அழகான தமிழ்ப் பெயர்! இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொன்னார்கள். இரண்டு வருஷம் கழிந்தது. 2017 நவம்பரில் அந்த நர்சுகள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவ இயக்குநர் அலுவலக வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தம் கூடாது என்று ஹைகோர்ட்டு தடை போட்டது. போராடிய பிறகுதான் சம்பளம் ரூ. 14,000 ஆயிற்று. நிரந்தர நர்சு வாங்குவதில் அது பாதி கூட இல்லை. ஒரே வார்டு, ஒரே ஊசி, ஒரே இரவு!

கொரோனா வந்ததும் 2020ல் மேலும் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். ஆறு மாத காண்ட்ராக்ட், ரூ. 14,000. பிறகு நீட்டிப்பு, மறுபடி நீட்டிப்பு. 2021 மேயில் வந்த புதிய மந்திரிசபை மூன்று மாத ஊக்கத் தொகையாக நர்சுகளுக்கு ரூ. 20,000 அறிவித்தது, அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் 2022 டிசம்பரில் நடந்ததையும் மறைக்க மாட்டோம். அந்த மாதம் சீனாவில் கொரோனா மறுபடி பரவியது. 27ந் தேதி நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளில் ஒத்திகை நடந்தது: படுக்கை தயாரா, ஆக்ஸிஜன் தயாரா, ஆள் தயாரா என்று பார்த்தார்கள். நாலு நாள் கழித்து, டிசம்பர் 31ந் தேதியோடு, 2,472 காண்ட்ராக்ட் நர்சுகளைத் தமிழ்நாட்டில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொரோனா நெருக்கடி முடிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்ததே அதற்கு நாலு மாதம் கழித்து, 2023 மே 5ந் தேதிதான்!

காரணம் கேட்டால், எடுத்த விதத்தில் விதிமுறை சரியில்லை என்றார்கள். எடுத்தது யார்? நர்சுகள் தங்களைத் தாங்களே நியமித்துக் கொண்டார்களா? சேலத்திலும் சென்னையிலும் அவர்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது, மாவட்ட சுகாதார சங்கங்கள் மூலமாக ரூ. 18,000க்கு வேலை தருகிறோம் என்றார்கள். அதுவும் நிரந்தரமில்லை. மில்லில் இருபது வருஷம் பதிலியாகவே இருந்தவரைக் கேளுங்கள், வாசலில் நின்று இன்றைக்கு என் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பது மனதை என்ன செய்யும் என்று. நோயாளிக்கு ஊசி போடும்போது ஒரு மனம் ஊசியில் இருக்க, இன்னொரு மனம் மாதக் கடைசியைப் பற்றி நடுங்கிக் கொண்டிருக்கிறது. அந்த நடுக்கத்துக்கு மாத்திரை கிடையாது. அதைத் தீர்க்கும் மருந்து ஒரு நியமன உத்தரவு.

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை; நோய் அங்கே இன்னும் முற்றியது. ஊரடங்கில் நோயாளி வரவில்லை என்று பல இடங்களில் நர்சுகளின் சம்பளத்தை வெட்டினார்கள். படுக்கை நிரம்பி நாள் வாடகை லட்சத்தைத் தொட்டபோது அந்த நர்சுகளுக்கு லாபத்தில் பங்கு கொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி அமைந்த கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த சிறு ஆஸ்பத்திரியில் கூட நர்சுக்கு ரூ. 20,000க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேற்பட்டதில் சர்க்கார் சம்பளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று 2016லேயே சிபாரிசு செய்தது. கேரளத்து நர்சுகள் 2017ல் போராடி, 2018ல் அந்த ரூ. 20,000ஐச் சர்க்கார் உத்தரவாக வாங்கினார்கள். போராடாத இடங்களில் சிபாரிசு பீரோவில் தூங்குகிறது. நர்சுக்குத்தான் தூக்கமில்லை.

'சேவை' என்பார்கள். சேவை செய்கிறவள் சம்பளம் கேட்கலாமா, வேலைநிறுத்தம் செய்யலாமா, நோயாளி என்ன ஆவான் என்பார்கள். கேட்பதற்குப் பரிவாகத்தான் இருக்கிறது. நாற்பது பேருக்கு ஒரு நர்சை நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு இரவிலும் நோயாளி என்ன ஆகிறான் என்று அவர்கள் ஏன் கேட்பதில்லை? பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் கையில் மருந்தின் அளவு தவறினால் யாருடைய குழந்தைக்குத் தவறும்? மந்திரி வீட்டுக் குழந்தை அந்த வார்டுக்கு வருவதில்லை. வருவது மில் தொழிலாளியின் குழந்தை, பாம்பு கடித்த விவசாயத் தொழிலாளி, பிரசவத்துக்கு வந்த அவன் மனைவி. பணமில்லை என்பது இரண்டாவது வாதம். பூத் தூவப் பறந்த ஹெலிகாப்டருக்குப் பெட்ரோல் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்தே வரட்டும்!

கூலி வேலை செய்து, தாலியை அடகு வைத்து மகளை நர்சிங் படிக்க வைத்த குடும்பங்கள் நம் கிராமங்களில் நிறைய உண்டு. அந்த மகள் கேட்பது இவைதான்: கவுன்சில் கணக்குப்படி ஆள் போடுங்கள், காண்ட்ராக்டை ஒழித்து நிரந்தரமாக்குங்கள், தொற்று நோய்க் காலத்தில் கவச உடை டூட்டி நாலு மணி, தங்க இடம், போக வர வண்டி, தனியார் ஆஸ்பத்திரியில் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாகட்டும். ஓய்வு கிடைத்து, நாளை வேலை உண்டு என்று உறுதியான பிறகும் தூக்கம் வராதவருக்கு நல்ல மனநல டாக்டரை ஆஸ்பத்திரியிலேயே, டூட்டி நேரத்திலேயே, ரகசியம் காத்துக் காட்டுங்கள்.

மில் சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பத்திரத்தில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி நர்சுகளின் காலியிடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த ஆஸ்பத்திரி உங்கள் சந்தாவில் நடக்கிறது. கிராமத்துத் தோழர்கள் மே முதல் நாள் கிராம சபைக்குப் போகும்போது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு இடம் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை, அவர்களில் நிரந்தரமானவர் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிற வரையில் எழுந்திருக்க வேண்டாம்.